ஐரோப்பியக் காப்புரிமை கேள்வி பதில்: விண்ணப்பம் போட்ட பிறகு பேசுங்கள்

மியூனிக்கில் ஒரு காப்புரிமை வழக்கறிஞர் அலுவலகத்தில் பதினான்கு வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். படித்தது மெக்கானிக்கல். பம்பு, வால்வு, கியர் என்றால் பக்கம் பக்கமாகச் சொல்வேன். மருந்து, மரபணு கேட்டால் பாதிதான் தெரியும். யாருடைய சொந்த வழக்குக்கும் இங்கே தீர்ப்பு சொல்லமாட்டேன். மற்றபடி கேளுங்கள்.

கோவையிலிருந்து: அக்கா, புது மாதிரி பம்பு சீல் ஒன்று செய்திருக்கிறோம். போன மாதம் கொடிசியா கண்காட்சியில் வைத்தோம், நல்ல வரவேற்பு. இப்போது ஜெர்மனிக்கு பேட்டன்ட் போடலாமா?

முதல் கேள்வியே வயிற்றெரிச்சல். விண்ணப்பத் தேதிக்கு முந்தைய நாள் வரை உலகத்தில் எந்த மூலையிலாவது, எந்த மொழியிலாவது, எந்த வழியிலாவது பொதுமக்களுக்குத் தெரிந்துவிட்ட எதுவும் ஐரோப்பாவில் புதிது இல்லை. சொன்னது நீங்களே ஆனாலும் அப்படித்தான். அமெரிக்காவில் கண்டுபிடித்தவரே வெளியிட்டால் ஒரு வருட அவகாசம் உண்டு, இங்கே அந்தக் கருணை கிடையாது. நம்பிக்கைத் துரோகம் செய்து யாராவது வெளியிட்டாலோ, உலகக் கண்காட்சி மாதிரியான சில பன்னாட்டுக் கண்காட்சிகளில் வைத்தாலோ மட்டும் ஆறு மாதம் பொறுப்பார்கள். கொடிசியா அந்தப் பட்டியலில் வராது.

ஆப்பிளுக்கே நடந்தது இது. 2007 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் ஐபோனைக் காட்டினார், பக்கத்தின் ஓரத்துக்கு வந்ததும் திரை ரப்பர் மாதிரி துள்ளித் திரும்பும் வித்தையையும் சேர்த்துக் காட்டினார். விண்ணப்பம் அதற்குப் பிறகுதான் போனது. 2013ல் ஜெர்மனியின் காப்புரிமை நீதிமன்றம் அந்த வீடியோவையே ஆதாரமாக வைத்து ஆப்பிளின் ஐரோப்பியக் காப்புரிமையின் ஜெர்மன் பகுதியைச் செல்லாது என்று தள்ளியது. சொந்த முதலாளியின் வாயே எதிர்சாட்சி.

உங்களுக்கு ஒரு கீற்று நம்பிக்கை இருக்கிறது. சீல் பம்புக்கு உள்ளே இருந்ததா? வந்தவர்கள் வெளியே மட்டும் பார்த்துவிட்டுப் போனார்களா, இல்லை வெட்டித் திறந்த மாடலும் நோட்டீஸும் கொடுத்தீர்களா? யாரும் உள்ளே பார்க்கவில்லை, யாருக்கும் விளக்கவில்லை, ஒரு பம்புகூட விற்கவில்லை என்றால் இன்னும் வாதாடலாம். ஒன்றே ஒன்று விற்றிருந்தாலும் வாங்கியவர் கழற்றிப் பார்த்திருக்கலாம் அல்லவா, அதுவே போதும். அவர் நிஜமாகக் கழற்றினாரா என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

இன்னொன்று. நீங்கள் இந்தியாவில் குடியிருப்பவர். நேராக மியூனிக்கில் இருக்கும் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தில் போய்ப் போடக்கூடாது. இந்தியச் சட்டத்தின் 39ஆம் பிரிவுப்படி முன் அனுமதி வாங்க வேண்டும், அல்லது முதலில் இந்தியாவில் போட்டுவிட்டு ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். மீறினால் தண்டனை உண்டு, இந்திய விண்ணப்பமும் போய்விடும். வெளிநாட்டில் வேலை பார்க்கும் மச்சான் பெயரில் போடலாமே என்று அடுத்துக் கேட்பீர்கள். கண்டுபிடித்தது நீங்கள் என்றால் மச்சான் பெயர் உதவாது.

சென்னை: சார், உலகம் முழுக்கச் செல்லும் பேட்டன்ட் எவ்வளவு ஆகும்?

சார் இல்லை. உலகக் காப்புரிமை என்று ஒன்றும் இல்லை. பிசிடி என்ற பன்னாட்டு விண்ணப்பம் இருக்கிறது, அது வரிசையில் இடம் போட்டு வைக்கும் துண்டு மாதிரி. ஐரோப்பாவுக்குள் நுழைய 31 மாதம் அவகாசம் தரும். காப்புரிமை கொடுப்பது அந்தந்த நாடோ அந்தந்த வட்டார அலுவலகமோதான்.

திருச்சி: மேடம், ஐரோப்பிய ஒன்றியத்தின் பேட்டன்ட் ஆபீஸ் கொடுத்தால் எல்லா ஐரோப்பிய நாட்டிலும் செல்லுமா? யூனிட்டரி என்று புதிதாக ஏதோ வந்திருக்கிறதாமே?

நல்ல கேள்வி, உட்கார்ந்து சொல்கிறேன். முதலில், இது ஒன்றியத்தின் அலுவலகமே இல்லை. 1973ல் மியூனிக்கில் கையெழுத்தான தனி ஒப்பந்தம், நடைமுறைக்கு வந்தது 1977ல். இப்போது 39 உறுப்பு நாடுகள். துருக்கி, சுவிட்சர்லாந்து, நார்வே எல்லாம் உள்ளே இருக்கின்றன, பிரெக்ஸிட் முடிந்தும் பிரிட்டன் உள்ளேதான் இருக்கிறது. ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் மூன்றில் ஒன்றில் ஒரே விண்ணப்பம், ஒரே தேடல், ஒரே பரிசோதனை.

கூத்து அதற்கப்புறம்தான். காப்புரிமை கிடைத்த அன்றே அது உடைந்து தனித்தனி தேசியக் காப்புரிமைகளின் மூட்டையாகிவிடும். எந்தெந்த நாடு வேண்டுமோ அங்கெல்லாம் தனியாகப் பதிந்து, சில இடங்களில் மொழிபெயர்த்து, வருடா வருடம் கட்டணம் கட்டி, திருட்டு நடந்தால் நாட்டுக்கு நாடு தனி வழக்கும் போட வேண்டும். ஒரே காப்புரிமையை ஒரு நாட்டு நீதிமன்றம் செல்லும் என்றும் பக்கத்து நாடு செல்லாது என்றும் சொல்வது இங்கே சர்வசாதாரணம்.

இதற்குப் பதிலாக 2023 ஜூன் 1 முதல் ஒற்றைக் காப்புரிமை, நீங்கள் சொல்லும் யூனிட்டரி, வந்திருக்கிறது. 17 நாடுகளோடு தொடங்கியது, 2024ல் ருமேனியா சேர்ந்து 18 ஆனது. எல்லா நாட்டுக்கும் ஒரே வருடாந்திரக் கட்டணம், முதல் பத்து வருடத்துக்கும் சேர்த்தே 5,000 யூரோவுக்குள் முடிந்துவிடும். ஸ்பெயின் மொழிச் சண்டையில் வெளியே நிற்கிறது, போலந்தும் இல்லை. அதோடு ஒரு பொது நீதிமன்றம், மேல்முறையீடு லக்ஸம்பர்க்கில். ஒரே வழக்கில் 18 நாட்டிலும் போட்டியாளரை நிறுத்தலாம். ஆனால் அதே ஒரே வழக்கில் 18 நாட்டிலும் உங்கள் காப்புரிமை காலியும் ஆகலாம், இதைத்தான் விற்பனைப் பேச்சில் மெதுவாகச் சொல்வார்கள். ஜெர்மனியும் பிரான்ஸும் மட்டும் போதும் என்கிற சின்னக் கம்பெனிக்குப் பழைய மூட்டையே மலிவு.

சேலம்: என் மாமியாரின் சாம்பார் பொடிக்கு எடுக்கலாமா?

வேண்டாம். காப்புரிமை எடுத்தால் செய்முறை பதினெட்டாம் மாதம் ஊருக்கே வெளியாகும். ரகசியமாக வையுங்கள். பெயரைக் காப்பாற்ற வர்த்தகச் சின்னம் எடுங்கள், ஐரோப்பாவுக்கு அந்த அலுவலகம் ஸ்பெயினில் அலிகாண்டேயில் இருக்கிறது, என் துறை இல்லை.

தஞ்சாவூர்: மஞ்சளையும் வேம்பையும் ஐரோப்பாக்காரன் பேட்டன்ட் போட்டுத் திருடினான். அந்த ஆபீஸுக்குத்தானே நீங்கள் உழைக்கிறீர்கள்?

அந்த அலுவலகத்தோடு மல்லுக்கட்டுவதுதான் என் பிழைப்பு, அது இருக்கட்டும். மஞ்சள் அமெரிக்காவில் நடந்தது. புண்ணாற்றும் மஞ்சளுக்கு 1995ல் ஒரு பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார்கள், இந்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சிஎஸ்ஐஆர் பழைய நூல்களையும் 1953ல் வந்த ஒரு மருத்துவக் கட்டுரையையும் வைத்து 1997ல் அதை உடைத்தது. ஏன் நூலைத் தேட வேண்டியிருந்தது தெரியுமா? அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் வெளிநாட்டுப் பழக்கம் எழுத்தில் இல்லாவிட்டால் கணக்கில்லை. நம் அம்மாக்கள் லட்சம் பேர் மஞ்சள் பூசியது அங்கே செல்லாது.

வேம்பு இங்கே நடந்தது. அமெரிக்க வேளாண் துறையும் டபிள்யூ. ஆர். கிரேஸ் நிறுவனமும் சேர்ந்து எடுத்தது, 1994ல் கிடைத்தது. மரத்துக்கு இல்லை, குறிப்பிட்ட முறையில் பிரித்த வேப்பெண்ணெயை வைத்துப் பயிர்ப் பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் முறைக்கு. சூழலியல் போராளி வந்தனா சிவாவும், ஐரோப்பிய நாடாளுமன்றத்துப் பசுமைக் கட்சியினரும், இயற்கை வேளாண்மைக் கூட்டமைப்பும் 1995ல் எதிர்ப்பு மனு போட்டார்கள். இந்தியாவிலிருந்து ஒரு தொழிற்சாலை உரிமையாளர் மியூனிக்குக்கே வந்து, இந்த மாதிரிச் சாறு வெகு முன்பே நாங்கள் தயாரித்தது என்று சாட்சி சொன்னார். 2000ல் ரத்து, 2005 மார்ச்சில் மேல்முறையீடும் தள்ளுபடி.

மறுபடி தஞ்சாவூர்: ரத்து ஆனது சரி. 94லிருந்து 2005 வரை அவன் கையில்தானே இருந்தது?

இருந்தது. மழுப்ப ஒன்றுமில்லை. மேல்முறையீடு போட்டால் முடிவு வரும்வரை ரத்து நிறுத்திவைக்கப்படும், அதனால் 2005 வரை ஏட்டில் உயிரோடுதான் இருந்தது. எதிர்ப்பு மனுவுக்குக் காப்புரிமை கிடைத்ததிலிருந்து ஒன்பது மாதம்தான் அவகாசம், காசும் ஆள்பலமும் வேண்டும். ஒரு விவசாயி தனியாகச் செய்யக்கூடிய காரியம் இல்லை.

ஆனால் அதற்கப்புறம் ஒன்று நடந்தது. நம் பாரம்பரிய மருத்துவ நூல்களை, சித்த நூல்கள் உட்பட, ஐந்து பன்னாட்டு மொழிகளில் போட்டு ஒரு மின்நூலகம் கட்டினார்கள், 2009 முதல் மியூனிக் பரிசோதகர்கள் அதில் தேடலாம். சுவடியில் இருப்பது அவர் கண்ணில் படும். உங்கள் பாட்டி மனதில் மட்டும் இருப்பது படாது.

பெங்களூரு: எதற்கு இந்தச் சுற்று? எல்லாக் காப்புரிமையையும் ஒழித்துவிட்டால் தீர்ந்தது. மென்பொருள் அது இல்லாமலேதானே வளர்ந்தது.

மென்பொருளில் பாதி ஒத்துக்கொள்கிறேன். 2005 ஜூலையில் ஐரோப்பிய நாடாளுமன்றமும் மென்பொருள் காப்புரிமைச் சட்ட வரைவை 648க்கு 14 என்று தூக்கி எறிந்தது. வெறும் நிரலுக்கு இங்கே காப்புரிமை இல்லை, தொழில்நுட்ப விளைவு வேண்டும்: சக்கரம் வழுக்காமல் பிரேக்கை இயக்கினால் உண்டு, வட்டிக் கணக்கை வேகமாகப் போட்டால் இல்லை. ஆப் ஐடியா கேட்டிருந்த நான்கு பேருக்கும் இதுதான் பதில்.

ஆனால் மேலே இருக்கும் கோவைக்காரரிடம் போய் ஒழித்துவிடலாம் என்று சொல்லிப் பாருங்கள். அவர் பம்பு சீலை நாளைக்குப் பெரிய கம்பெனி ஒன்று அச்சில் ஊற்றி வைக்கும், அவர் கையில் என்ன இருக்கும்? இருபது வருடம் தனி உரிமை, பதிலுக்கு முழு விவரத்தையும் ஊருக்குச் சொல்லிவிட வேண்டும், இதுதான் பேரம். பேரம் கெட்டுப்போன இடங்கள் உண்டு, அதற்காகச் சந்தையையே மூட முடியாது.

தஞ்சாவூர், மூன்றாம் முறை: அப்போது நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டுமா?

வேண்டாம். அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட் தளத்தில் வெளியான விண்ணப்பங்களை இலவசமாகத் தேடலாம். வெளியான விண்ணப்பத்தில் நம் பழைய சங்கதி தெரிந்தால், யார் வேண்டுமானாலும், வக்கீல் இல்லாமல், காசு இல்லாமல், பெயர்கூடச் சொல்லாமல் அலுவலகத்துக்கு எழுதலாம். மூன்றாம் தரப்புக் குறிப்பு என்று பெயர். நூல், பக்கம், பதிப்பு ஆண்டு, மொழிபெயர்ப்பு வையுங்கள். கோபத்தை வைக்காதீர்கள், அதைப் படிக்கமாட்டார்கள். அவ்வளவுதான், வேம்புக் கடையை மூடுகிறேன், இதற்குள் பதினோரு கேள்வி சேர்ந்துவிட்டது.

யாழ்ப்பாணம்: உள்ளூரில் போட்டுப் பதின்மூன்றரை மாதம் ஆகிவிட்டது. ஐரோப்பா முடிந்ததா?

உள்ளூரில் போட்ட தேதியையே இங்கேயும் கேட்டு வாங்கும் முன்னுரிமைக் காலம் 12 மாதம், அது தாண்டிவிட்டது. தாண்டிய பிறகும் இரண்டு மாதத்துக்குள், உரிய கவனம் எடுத்தும் தவறியது என்று காட்டினால் மீட்கக் கேட்கலாம். உங்களுக்கு இருப்பது இரண்டு வாரம், இதைப் படித்து முடித்ததும் ஆளைப் பிடியுங்கள். இல்லாவிட்டாலும் விண்ணப்பமோ பொருளோ எங்கும் வெளியாகவில்லை என்றால் புதிதாகவே போடலாம், பழைய தேதி மட்டும் போகும். அதுவரை தயவுசெய்து வாயைத் திறக்காதீர்கள்.

ஈரோடு: ஏஐ கண்டுபிடித்தால் அதன் பெயரில் எடுக்கலாமா?

முடியாது, கண்டுபிடித்தவர் மனிதராக இருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரிலேயே மியூனிக் மேல்முறையீட்டு மன்றம் சொல்லிவிட்டது.

திருப்பூர்: பதிவுக் கட்டணம் 2,000 யூரோ உடனே கட்டு என்று முத்திரையோடு கடிதம் வந்திருக்கிறது.

மோசடி. விண்ணப்பம் வெளியானதும் முகவரியைப் பொறுக்கி அனுப்புவார்கள். உங்கள் வக்கீலைக் கேட்காமல் ஒரு காசு கட்டாதீர்கள்.

நெல்லை: உலக பேட்டன்ட் எவ்வளவு ஆகும்?

மேலே.

ஓசூர்: யூடியூபில் போட்ட வீடியோவை அழித்துவிட்டால் புதிதுதானே?

இல்லை. மேலே.

மதுரை: அக்கா, நாளை காலை கல்லூரியில் ப்ராஜெக்ட் எக்ஸ்போ. இன்னும் எதுவும் போடவில்லை. இப்போதுதான் கோவைக்காரருக்கு நீங்கள் சொன்னதைப் படித்தேன், கை நடுங்குகிறது.

நடுங்காதே தம்பி, நீதான் இன்று சரியான நேரத்தில் கேட்ட முதல் ஆள். டிஜிட்டல் கையெழுத்து வைத்திருக்கும் காப்புரிமை முகவர் யாரையாவது உன் பேராசிரியர் மூலம் இன்றிரவே பிடித்தால், இந்தியாவில் தற்காலிக விண்ணப்பம் ஆன்லைனில் போய்விடும். தனிநபருக்கு அரசுக் கட்டணம் 1,600 ரூபாய்தான். நான்கு வரி எழுதித் தப்பிக்கப் பார்க்காதே, எப்படி வேலை செய்கிறது என்பது முழுக்க அதில் இருக்க வேண்டும், இல்லாததற்கு அந்தத் தேதி கிடைக்காது. ஆள் கிடைக்கவில்லையா, எக்ஸ்போவுக்குப் போ, ஆனால் மூடியைத் திருகி மூடிவிடு. என்ன செய்யும் என்று காட்டு, எப்படிச் செய்கிறது என்று சொல்லாதே. போஸ்டரில் உள்ளமைப்புப் படம் இருந்தால் மேலே வெள்ளைத்தாள் ஒட்டு. மார்க் குறைந்தால் குறையட்டும்.