வீட்டில் எடுத்த ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் 19

கேள்வி: ஆஃபரில் இதயப் பரிசோதனை பேக்கேஜ் ஒன்று வாங்கினேன். காலை 7 மணிக்கு வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப் போனார்கள். ரிப்போர்ட்டில் ஹோமோசிஸ்டீன் 19, சிவப்பு எழுத்தில். மறுநாளே மூன்று மாதத்துக்கு வைட்டமின் மாத்திரை வாங்கச் சொல்லி போன். முறை என்ற இடத்தில் காம்பெடிடிவ் இம்யூனோஅஸே என்று போட்டிருக்கிறது. இது மட்டமான முறையா? பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

பதில்: முறையைக் குறை சொல்ல முடியாது. ஹோமோசிஸ்டீன் ஓர் அமினோ அமிலம், ரொம்பச் சின்ன மூலக்கூறு. பெரிய புரதமாக இருந்தால் இரண்டு ஆன்டிபாடிகள் (குறிப்பிட்ட பொருளை மட்டும் பிடிக்கும் புரதங்கள்) ஆளுக்கொரு பக்கம் பிடித்து அளந்துவிடும், இதில் அதற்கு இடமே இல்லை. அதனால்தான் போட்டி வைக்கிறார்கள், காம்பெடிடிவ் என்பது அதுதான். ரத்தத்தில் இருப்பதை ஒரு நொதியால் எஸ்-அடினோசில் ஹோமோசிஸ்டீனாக மாற்றிவிட்டு, சிக்னல் தரும் அடையாளம் ஒட்டிய அதே பொருளையும் கூடவே விடுவார்கள். ஆன்டிபாடியில் உள்ள இடம் கொஞ்சம்தான், உங்கள் ரத்தத்தில் இருந்து வருவது அதிகமானால் அடையாளம் ஒட்டியதற்கு இடம் கிடைக்காது, சிக்னல் குறையும். சிக்னல் குறையக் குறைய அளவு அதிகம் என்று கணக்கு.

எனக்குச் சந்தேகம் அந்த ரத்தக் குழாய் மேல்தான். ரத்தம் எடுத்த பிறகும் சிவப்பணுக்கள் சும்மா இருப்பதில்லை, ஹோமோசிஸ்டீனை உண்டாக்கி வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அறை வெப்பத்தில் மணிக்குச் சுமார் 10 சதவீதம் ஏறும். அதனால் ஊதா மூடி ஈடிடிஏ குழாயில் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து உள்ளது) எடுத்து, உடனே ஐஸில் வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் சுழற்றிப் பிளாஸ்மாவை, அதாவது ரத்தத்தின் திரவப் பகுதியை, அணுக்களிலிருந்து பிரித்துவிட வேண்டும். உங்களிடம் எடுத்த பையன் அடுத்த நாலு வீட்டுக்கும் போய்விட்டு, குழாயைப் பைக் பையிலேயே வைத்துக்கொண்டு 11 மணிக்கு லேபுக்குப் போயிருந்தால், 14 இருந்தது 19 ஆகியிருக்கும். பெரியவர்களுக்கு வழக்கமான அளவு லிட்டருக்கு 5 முதல் 15 மைக்ரோமோல், அதாவது நீங்கள் நார்மலாகவே இருந்திருக்கலாம்.

ரத்தம் எடுத்த நேரம், ஐஸில் வைத்தார்களா, பிரித்த நேரம், இந்த மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். சொல்ல முடியவில்லை என்றால் இலவசமாகத் திரும்ப எடுத்துத் தரச் சொல்லுங்கள், இல்லையென்றால் இந்தப் பரிசோதனைக்கான பணத்தைக் கேளுங்கள். மழுப்பினால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண், புகார் பதியலாம்.

மறுபடி எடுக்கும்போது லேபுக்கே வெறும் வயிற்றில் போங்கள், அங்கேயே சுழற்றுகிறார்களா என்று முன்கூட்டியே கேட்டுவிட்டு. அதுவரை அந்த மாத்திரையைத் தொட வேண்டாம், ஃபோலிக் அமிலமும் பி12-ம் ஹோமோசிஸ்டீனைக் குறைத்துவிடும், அப்புறம் உண்மை அளவு தெரியாமலே போய்விடும். டாக்டர் ஏற்கெனவே எழுதிக் கொடுத்த மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். அப்போதும் அதிகமாக வந்தால் பி12 அளவையும் பார்த்துவிட்டு டாக்டரிடம் போங்கள், முழுச் சைவம் சாப்பிடுபவர்களிடம் பெரும்பாலும் காரணம் அங்கேதான் இருக்கும். இதயத்துக்கு என்று சொல்லி விற்கிறார்களே, அது எனக்குக் கோபமாகவே வருகிறது. 2006-ல் வந்த இரண்டு பெரிய ஆய்வுகளில் வைட்டமின் கொடுத்து ஹோமோசிஸ்டீனைக் குறைத்தும் மாரடைப்பு குறையவில்லை.

இன்னொன்று, லிவருக்கோ மனச்சோர்வுக்கோ எஸ்-அடினோசில் மெத்தியோனின் மாத்திரை எடுத்தால் லேபில் கட்டாயம் சொல்லுங்கள். ஆன்டிபாடி பிடிக்கும் பொருளுக்கு அது நெருங்கிய சொந்தம், அளவைப் பொய்யாக ஏற்றிக் காட்டலாம். மெத்தோட்ரெக்ஸேட், வலிப்பு மாத்திரை எடுப்பவர்களுக்கு நிஜமாகவே ஏறும்.