பிற பணிகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒரு சுயநிதி கலை அறிவியல் கல்லூரியில் ஆறு ஆண்டுகளாக உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். முனைவர் பட்டமும் தகுதித் தேர்வுத் தேர்ச்சியும் உண்டு. இருந்தும் ஒவ்வொரு ஜூன் மாதமும் புதிதாக ஒப்பந்தம் போடுகிறார்கள். ஏப்ரலோடு அது முடிந்துவிடும். மே மாதத்துக்குச் சம்பளம் இல்லை. ஆனால் மே மாதம் முழுவதும் மாணவர் சேர்க்கைக்காக ஊர் ஊராக அலைகிறோம். ஆளுக்குப் பத்து மாணவர்கள் என்பது இலக்கு. எட்டாவிட்டால் ஜூன் ஒப்பந்தம் தள்ளிப்போகும். வாரத்துக்கு 22 மணி நேரம் வகுப்பு. சம்பளம் இன்னும் இருபதாயிரத்தைத் தொடவில்லை.

ஒப்பந்த நகலை எங்களுக்குத் தருவதில்லை. கையெழுத்திடும் நேரத்தில் படித்ததில் இரண்டு விதிகள் நினைவில் இருக்கின்றன. வேலையை விட்டால் மூன்று மாத முன்னறிவிப்பு, இல்லையென்றால் மூன்று மாதச் சம்பளம் கட்ட வேண்டும். இன்னொன்று, 'நிர்வாகம் அவ்வப்போது ஒப்படைக்கும் பிற பணிகளையும் செய்ய வேண்டும்'. அசல் சான்றிதழ்கள் அலுவலகத்தில் இருக்கின்றன.

என் கேள்விகள் இரண்டு. ஆள் பிடிக்கும் வேலையை மறுக்க எனக்கு உரிமை உண்டா? அடுத்தது கொஞ்சம் சங்கடமானது. 'கொடுக்கிற கூலிக்கு இது போதும்' என்று சக ஆசிரியர்கள் பழைய குறிப்புகளை வாசித்துவிட்டுப் போகிறார்கள். நானும் இந்த ஆண்டு அப்படித்தான் செய்துகொண்டிருக்கிறேன். இதில் தவறென்ன?

ம.
(பெயரை வெளியிட வேண்டாம்)

*

அன்புள்ள ம. அவர்களுக்கு,

முதல் கேள்வியில் முழுக்க உங்கள் பக்கம் இருக்கிறேன். இரண்டாவதில் உங்களோடு சண்டை போடப்போகிறேன்.

நான் வழக்கறிஞன் அல்ல. ஆனால் கல்லூரிகளில் வேலை பார்க்கும் நண்பர்கள் எனக்கு நிறைய. அவர்களுடைய ஒப்பந்தங்கள் சிலவற்றைப் படித்திருக்கிறேன். எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. ஆசிரியர் செய்ய வேண்டியவை ஒன்றரைப் பக்கத்துக்கு இருக்கும். நிர்வாகம் செய்ய வேண்டியது ஒரே வரி: மாதம் இத்தனை ரூபாய். வாரத்துக்கு எத்தனை வகுப்பு, விடுப்பு எத்தனை நாள், வருங்கால வைப்பு நிதியில் நிர்வாகத்தின் பங்கு எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றியெல்லாம் மூச்சு இருக்காது. எழுதாமல் விட்ட இடங்களையெல்லாம் அந்தப் 'பிற பணிகள்' என்ற ஒற்றை வரி நிரப்பிவிடுகிறது.

எழுதிய விதி இல்லாமலும் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் ஒரு முழுநேர ஆசிரியரின் வேலை வாரம் 40 மணி நேரம், ஆண்டுக்கு 30 வாரம், அதாவது 180 கற்பித்தல் நாட்கள் என்கின்றன. இதில் உதவிப் பேராசிரியர் வகுப்பில் நிற்க வேண்டியது 16 மணி நேரம். இணைப் பேராசிரியரும் பேராசிரியரும் 14 மணி நேரம். மிச்ச நேரம் பாடம் தயாரிக்க, தாள் திருத்த, மாணவர்களோடு உட்கார்ந்து பேச, ஆய்வு செய்ய. உங்களுக்கு 22 மணி நேரம் வகுப்பு என்றால் கூடுதலான ஆறு மணி நேரமும் தயாரிப்பு நேரத்திலிருந்துதான் பிடுங்கப்பட்டிருக்கிறது. பழைய குறிப்புகள் பெட்டியிலிருந்து வெளியே வருவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். அதற்குப் பிறகு வருகிறேன்.

அதே விதிமுறைகள் ஒப்பந்த நியமனத்தைப் பற்றியும் சொல்கின்றன. தவிர்க்கவே முடியாதபோது மட்டும்தான் ஒப்பந்தத்தில் எடுக்கலாம். மொத்த ஆசிரியர் பணியிடங்களில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. தேர்வு முறையும் தகுதியும் நிரந்தர ஆசிரியருக்கு உள்ளவையே. ஊதியம், நிரந்தர உதவிப் பேராசிரியரின் மொத்த மாத ஊதியத்துக்குக் குறையக் கூடாது. ஏழாவது ஊதியக் குழுவின்படி அந்தப் பதவியின் தொடக்க அடிப்படை ஊதியம் மட்டுமே 57,700 ரூபாய். உங்கள் துறையில் ஒப்பந்தத்தில் இல்லாதவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். துறைத் தலைவரே ஒப்பந்தத்தில் இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

விதி இருந்தும் ஏன் பல்லில்லாமல் இருக்கிறது என்பதற்கு ஒரு நீண்ட கதை உண்டு. 1988இல் உச்ச நீதிமன்றம், கோவாவைச் சேர்ந்த சுந்தராம்பாள் என்ற பள்ளி ஆசிரியை தொடுத்த வழக்கில், ஆசிரியர்கள் அன்றைய தொழில் தகராறுச் சட்டத்தின்படி 'தொழிலாளர்' அல்லர் என்று தீர்ப்பளித்தது. கற்பிப்பது உயர்ந்த பணி, அதை உடலுழைப்போடும் எழுத்தர் வேலையோடும் சேர்க்க முடியாது என்பது அதன் சாரம். மரியாதைதான். ஆனால் அந்த மரியாதையால் தொழிலாளர் நீதிமன்றத்தின் கதவு ஆசிரியருக்கு மூடிக்கொண்டது. அதே வளாகத்தில் பேருந்து ஓட்டுகிறவருக்குத் திறந்திருந்த கதவு அது. 2002இல், தனியார் கல்வி நிறுவனங்களின் உரிமைகள் பற்றிய டி.எம்.ஏ. பாய் வழக்கின் பதினொரு நீதிபதிகள் அமர்வு, தனியார் கல்லூரி ஆசிரியர்களின் முறையீட்டுக்காக மாவட்டந்தோறும் கல்வித் தீர்ப்பாயம் வேண்டும், அதுவரை மாவட்ட நீதிபதியிடம் மேல்முறையீடு செய்யலாம் என்றது. நீங்கள் அப்படி ஒரு தீர்ப்பாயத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்ததுண்டா? 2022இல் புனித மேரி கல்விச் சங்கம் வழக்கில், தனியார் கல்வி நிறுவனத்துக்கும் ஊழியருக்கும் இடையிலான பணி ஒப்பந்தச் சிக்கலுக்கு, சட்டப்பூர்வமான பணி விதிகள் இல்லாதபோது, உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எஞ்சுவது உரிமையியல் நீதிமன்றம். அங்கே வழக்கு முடியும் காலத்துக்குள் உங்களிடம் படித்தவர்களின் பிள்ளைகள் கல்லூரிக்கு வந்துவிடுவார்கள்.

தமிழ்நாட்டில் 1976ஆம் ஆண்டின் தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆசிரியரை நினைத்தபோது பணிநீக்கம் செய்ய முடியாதபடி முறை வகுத்திருக்கிறது. பதினொரு மாத ஒப்பந்தத்தின் சூட்சுமமே இங்கேதான். உங்களை யாரும் நீக்குவதில்லை. ஏப்ரலில் நீங்களாகவே முடிந்துபோகிறீர்கள்.

அரசே முதலாளியாக இருக்கும் இடத்தில் நிலைமை கொஞ்சம் வேறு. குஜராத்தின் அரசுப் பொறியியல், பாலிடெக்னிக் கல்லூரிகளில் ஒப்பந்த உதவிப் பேராசிரியர்கள் மாதம் 30,000 ரூபாய்க்கு வேலை பார்த்தார்கள். அதே பாடத்தை நடத்திய நிரந்தர ஆசிரியர் ஒரு லட்சத்துக்கு மேல் வாங்கினார். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இதைக் கடுமையாகக் கண்டித்து, அந்தப் பதவிக்குரிய குறைந்தபட்ச ஊதிய விகிதத்தையாவது கொடுக்கச் சொன்னது. விழா மேடைகளில் 'குருர் பிரம்மா' சொல்லிக்கொண்டிருந்தால் போதாது, ஆசிரியரை நடத்தும் விதத்தில் அது தெரிய வேண்டும் என்றும் நீதிபதிகள் எழுதினார்கள். உங்கள் கல்லூரி ஆண்டு விழாவிலும் அந்தச் சுலோகம் உண்டென்று நினைக்கிறேன்.

ஆள் பிடிக்கும் வேலைக்கு வருகிறேன். தேர்வு மேற்பார்வை, விடைத்தாள் திருத்தம், அக மதிப்பீடு, வருகைப் பதிவு, மாணவர்க்கு வழிகாட்டல், பாடத்திட்டக் குழு எல்லாம் ஆசிரியர் வேலையின் உள்ளேயே இருப்பவை. ஒப்பந்தத்தில் எழுதாவிட்டாலும் உங்களுடையவை. கல்லூரிகளுக்குத் தரமதிப்பீடு வழங்கும் நாக் (NAAC) குழுவுக்காக இரவெல்லாம் கோப்பு தயாரிப்பதைக்கூட, பல்லைக் கடித்துக்கொண்டு, இதில் சேர்ப்பேன். மாணவர் சேர்க்கை இலக்கு இதில் சேராது. அது அலைச்சல் மிகுந்த வேலை என்பதற்காகச் சொல்லவில்லை. மே மாதத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, 'எங்கள் கல்லூரியில் சேர்ந்தால் வேலை நிச்சயம்' என்று சொல்லிவிட்டு வருகிறீர்கள். ஜூலையில் அந்தப் பையன் உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான். அவன் வகுப்புக்கு வராவிட்டால் வருகைக் குறைவு என்று எழுத முடியுமா? அக மதிப்பீட்டில் அவனுக்கு உரிய மதிப்பெண்ணைப் போட முடியுமா? அவன் நின்றுவிட்டால் உங்கள் இலக்கில் ஒன்று குறையும். மாணவனை மதிப்பிட வேண்டியவரை, அவனை விற்றுக் கணக்குக் காட்ட வேண்டியவராக ஆக்குவது ஆசிரியப் பணிக்கு நேர் எதிரானது. அதனால்தான் அதைப் 'பிற பணி'யாக ஏற்க முடியாது என்கிறேன்.

மறுக்க முடியுமா? ஒப்பந்தமே இல்லாத மே மாதத்தில், சம்பளமே தராத ஒருவர் உங்களுக்கு வேலை ஏவ முடியாது. இதற்குச் சட்டப் புத்தகம்கூட வேண்டாம். ஆனால் ஜூன் மாதக் கையெழுத்து அவர்கள் கையில் இருக்கிறது என்பதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். வீட்டு வாடகையை நான் கட்டப்போவதில்லை. ஆகவே 'துணிந்து மறுத்துவிடுங்கள்' என்று இங்கே உட்கார்ந்து எழுத மாட்டேன். ஒன்று செய்யலாம். 'எந்த ஊர், எத்தனை நாள், பயணச் செலவு யாருடையது என்று ஆணையாகக் கொடுத்தால் வசதியாக இருக்கும்' என்று பணிவாக மின்னஞ்சல் அனுப்புங்கள். தனியாக வேண்டாம், துறையில் நான்கு பேராவது சேர்ந்து அனுப்புங்கள். எழுத்தில் வந்தால் ஊதியமற்ற வேலைக்கு அதுவே சான்று. வராவிட்டால் நெருக்கடி கொஞ்சம் தளரும். மின்னஞ்சல் அனுப்புவதிலும் ஆபத்து இல்லாமல் இல்லை.

சான்றிதழ் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்பேன். சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டியவை அவை. அசலைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமையை எந்தச் சட்டமும் நிர்வாகத்துக்குத் தரவில்லை. ஏன் பிடித்து வைக்கிறார்கள் என்பதற்கு என் ஊகம் ஒன்று உண்டு. பொறியியல் கல்லூரிகளில் 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது விதி. 2024இல் அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் ஒரே ஆசிரியரின் பெயர் ஒரே நேரத்தில் பல கல்லூரிகளின் பட்டியலில் இருந்ததை ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் அம்பலப்படுத்தியது நினைவிருக்கும். இணைப்பு அங்கீகாரத்துக்குத் தேவை ஒரு முனைவர் பட்டமும் ஒரு பெயரும். அதன் பின்னால் வகுப்பெடுக்கும் மனிதர் இருந்தால் உபரி. இப்படிப் பார்த்தால், அலுவலக அலமாரியில் இருக்கும் உங்கள் சான்றிதழ் அவர்களுக்கு உங்களைவிட மதிப்புள்ள ஊழியர்.

மூன்று மாதச் சம்பளம் கட்டும் விதியைப் பற்றி ஒரு வார்த்தை. அது செல்லவே செல்லாது என்று நண்பர்கள் சொன்னால் நம்பாதீர்கள். குறைந்தபட்சக் காலம் வேலை பார்க்க வேண்டும், தவறினால் இரண்டு லட்சம் ரூபாய் என்று ஒரு பொதுத்துறை வங்கி போட்ட நிபந்தனையை 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவின்படி கிடைப்பது நியாயமான இழப்பீடு மட்டுமே; எழுதிய தொகை முழுவதும் தானாக வந்துவிடாது. நிர்வாகம் உங்களை அனுப்பினால் அதே மூன்று மாதம் அவர்களுக்கும் உண்டா என்று பாருங்கள்.

வைப்பு நிதிக் கணக்கையும் இன்றே திறந்து பாருங்கள். 1982இலேயே கல்வி நிறுவனங்கள் வைப்பு நிதிச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. நிர்வாகத்தின் பங்கையும் உங்கள் சம்பளத்திலிருந்தே பிடிக்கும் கல்லூரிகள் உண்டு. பணிக்கொடையும் ஆசிரியர்களுக்கு உண்டு. அன்றைய பணிக்கொடைச் சட்டத்தின் 2009 திருத்தத்தின் மூலம் 1997 ஏப்ரல் முதல் பின்தேதியிட்டு வந்த அந்த உரிமையை 2022இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. மே மாத இடைவெளியைக் காட்டி உங்கள் ஆறு ஆண்டுகளை ஆறு துண்டுகளாக்கப் பார்ப்பார்கள். ஒவ்வொரு மே மாதமும் நீங்கள் வேலை பார்த்ததற்கான தடயங்களை, வாட்ஸப் குழுச் செய்திகள் உட்பட, சேர்த்து வையுங்கள்.

இனி இரண்டாவது கேள்வி. 'கொடுக்கிற கூலிக்கு இது போதும்' என்பது நிர்வாகத்தை நோக்கிச் சொன்னால் நியாயமான வாக்கியம். பத்து மாணவரைப் பிடி என்றால் இருவரைப் பிடித்துக்கொண்டு வந்து அதைச் சொல்லுங்கள், கைதட்டுவேன். வகுப்பறையில் சொன்னால் கேட்பவர் வேறு. உங்கள் ஒப்பந்தத்தில் மாணவர் கையெழுத்திடவில்லை. உங்களுக்குக் குறைவாகக் கொடுத்தவர் அவரல்லர். அவரும் முழுக் கட்டணம் கட்டி ஏமாந்துகொண்டிருப்பவர். பெரும்பாலும் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர். பழைய குறிப்பை வாசித்தால் நிர்வாகத்துக்கு ஒரு ரூபாய் நட்டமில்லை. சொல்லப்போனால் அவர்களுக்கு அது வசதி. பெயர் மட்டுமே தேவைப்பட்ட இடத்தில் நீங்களாகவே வெறும் பெயராகிவிடுகிறீர்கள்.

22 மணி நேரத்துக்கும் புதிதாகத் தயாரியுங்கள் என்று கேட்கவில்லை. அது மனிதரால் ஆகாது. இரண்டு தாள்களைத் தேர்ந்தெடுத்து அவற்றை மட்டும் உயிரோடு நடத்துங்கள். மற்றவற்றுக்குப் பழைய குறிப்பு இருக்கட்டும், நான் கண்டுகொள்ள மாட்டேன். மதிப்பெண்ணில் மட்டும் சோம்பலுக்கும் இரக்கத்துக்கும் இடம் கொடுக்க வேண்டாம். படிக்காமலே போட்ட அக மதிப்பீடு அந்த மாணவரின் பட்டச் சான்றிதழ் வரைக்கும் கூடவே போகும்.

ஜூன் ஒப்பந்தம் வரும்போது கையெழுத்திடும் முன் கைப்பேசியில் எல்லாப் பக்கங்களையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். தடுத்தால், 'நகல் கேட்டேன், தரப்படவில்லை' என்று அன்று மாலையே முதல்வருக்கு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். படம் கிடைத்தால் பெயர்களை அழித்துவிட்டு எனக்கும் அனுப்புங்கள். தொழிலாளர் சட்டம் பார்க்கும் நண்பர் ஒருவர் படித்துப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.