குப்பையையும் செலவையும் ஒன்றாகக் குறைக்க எங்கே தொடங்குவது?

கேள்வி: வாடகை வீட்டில் இருக்கிறோம். மாதச் செலவும் குறைய வேண்டும், வீட்டிலிருந்து போகும் குப்பையும் குறைய வேண்டும். எதில் தொடங்குவது? வீட்டில் உள்ளவர்களை எப்படி ஒத்துழைக்க வைப்பது?

நாங்களும் வாடகை வீட்டுக்காரர்கள்தான். மதுரையில் மாடி வீடு; நான், கணவர், மாமியார், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். கணவன் மனைவி இருவருமே வேலைக்குப் போகிறோம். அதனால் நேரம் நிறைய உள்ளவர்களுக்கான யோசனைகளை நான் சொல்லப்போவதில்லை.

முதலில், இதற்கென்று எதையும் வாங்காதீர்கள். மூங்கில் பல்துலக்கி, அழகான கண்ணாடி ஜாடி, எஃகு உறிஞ்சுகுழல் என்று தொடங்கினால் முதல் மாதமே செலவு ஏறிவிடும். வீட்டில் இருக்கும் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலும், கல்யாண வீடுகளில் தாம்பூலத்தோடு வந்து பரணில் கிடக்கும் மஞ்சப்பையும், அம்மா வீட்டுத் தூக்குச்சட்டியும் போதும். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தது 2019 ஜனவரி 1 அன்று. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தை அரசே தொடங்கியது. ஆகவே பையை நீட்டினால் இன்று எந்தக் கடைக்காரரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்கும் தூக்குச்சட்டிதான் போகிறது. வெறும் சட்டியைத் தராசில் வைத்து எடையைக் கழித்துவிட்டுப் போடச் சொன்னால் பாய் மறுக்காமல் செய்கிறார்.

அடுத்து, உங்கள் குப்பைக்கூடையை ஒருமுறை கொட்டிப் பாருங்கள். நம் ஊர் வீட்டுக் குப்பையில் எடைக்குப் பாதிக்கும் மேல் சமையலறைக் கழிவுதான். காய்கறித் தோல், ஊசிப்போன குழம்பு, மிஞ்சிய சோறு. இவை பிளாஸ்டிக்கோடு கலந்து போனால் இரண்டுமே யாருக்கும் உதவாது. மதுரைக் குப்பை போய்ச் சேருவது அவனியாபுரம் பக்கத்து வெள்ளக்கல் கிடங்குக்கு. அங்கே மலையாகக் குவிந்து காற்றில்லாமல் அழுகும் உணவுக் கழிவுதான் பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவாகிறது. பணக் கணக்கும் இதே இடத்தில்தான் இருக்கிறது. கெட்டுப்போய் வெளியே போகிற ஒவ்வொரு காயும் நாம் காசு கொடுத்து வாங்கியதுதானே. ஆகவே என் பதில்: தொடங்க வேண்டிய இடம் அடுப்படி.

காயை உழவர் சந்தையில் வாங்குகிறோம். 1999 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை திறந்தது எங்கள் அண்ணாநகரில்தான். அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போடுவார்கள், இடைத்தரகு கிடையாது. வாரத்துக்கு மொத்தமாக அள்ளிக்கொண்டு வராமல், மூன்று நாளைக்கு மேல் தாங்காத கீரை, வெண்டைக்காய் போன்றவற்றைக் கொஞ்சமாகவும், சேனை, பூசணி, கருணைக்கிழங்கு போன்றவற்றைத் தாராளமாகவும் வாங்குவது வழக்கம். கீரையும் வெண்டையும் முதலில் சமையலுக்குப் போகும், கிழங்கு காத்திருக்கும்.

ஒரு பீர்க்கங்காயை எடுத்துக்கொள்ளுங்கள். உப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, கத்தி முனையால் நரம்பை மட்டும் சீவி எறிந்துவிட்டு, மீதித் தோலைத் தனியே எடுக்க வேண்டும். சதை பாசிப்பருப்போடு கூட்டுக்கு. தோலை நல்லெண்ணெயில் போட்டு, பச்சை வாசம் போய் ஓரங்கள் சுருளும்வரை சிறு தீயில் வதக்கி, வறுத்த உளுந்தம்பருப்பு, வரமிளகாய், ஒரு நெல்லிக்காயளவு புளி, கொஞ்சம் தேங்காய், பெருங்காயம் சேர்த்துக் கரகரப்பாக அரைத்தால் துவையல். சூடான சோற்றில் போட்டு நெய் ஊற்றினால் பிள்ளைகள் கூட்டைக்கூடத் தொடுவதில்லை. இளங்காயாக இருக்க வேண்டும், முற்றியது துவையலுக்கு ஆகாது. முற்றிக் காய்ந்ததன் நார் குளிக்கவும் பாத்திரம் தேய்க்கவும் ஆகும்.

இட்லி மாவையும் இப்படித்தான் ஓட்டுகிறோம். நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து போட்டு வீட்டிலேயே அரைத்துவிட்டால் பாக்கெட் மாவுச் செலவும் மிச்சம், அந்த உறையும் மிச்சம். முதல் இரண்டு நாள் இட்லி, அப்புறம் தோசை, புளிப்பு ஏறியதும் சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும் தாளித்துக் கொட்டிக் குழிப்பணியாரம். மிஞ்சிய சோற்றில் இரவே தண்ணீர் ஊற்றிவிடுவார் மாமியார். சித்திரை வெயிலில் காலையில் அந்தப் பழைய சோறும் மோர்மிளகாயும் இருந்தால் அடுப்பே பற்றவைக்க வேண்டியதில்லை.

இத்தனைக்குப் பிறகும் மிஞ்சும் தோலும் காம்பும் உரத்தொட்டிக்குப் போகின்றன. பழைய பெயின்ட் வாளியின் பக்கங்களில் துளை போட்டு, அடியில் தேங்காய் நார் பரப்பி, அன்றாடக் கழிவுக்குச் சம அளவு காய்ந்த சருகோ தென்னைநார்த் தூளோ மேலே தூவ வேண்டும். தொடக்கத்தில் கொஞ்சம் புளித்த மோர் தெளித்தால் மட்கத் தொடங்குவது சீக்கிரமாகும். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம். இன்னும் சருகு போட்டுக் கிளறிவிடுங்கள். வெள்ளைப் புழுக்கள் தெரிந்தால் பதறவேண்டாம், அவையும் மட்கவைக்கத்தான் வந்திருக்கின்றன. வாளி நிறைந்தபின் ஒன்றரை, இரண்டு மாதம் ஆறப்போட்டால் மழைமண் வாசத்தோடு கறுப்பாக உதிரும். எலும்பு, எண்ணெய்க் குழம்பு இவற்றைப் போடுவதில்லை.

பால் உறை பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். முனையை முழுதாக வெட்டி எறியாதீர்கள். அந்தத் துணுக்கு மிகச் சிறியது என்பதால் யாரும் பொறுக்கமாட்டார்கள், அது நேரே சாக்கடைக்குத்தான் போகும். உறையோடு ஒட்டியிருக்கும்படி பாதி வெட்டினால் போதும். கழுவி, கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்து, சேர்ந்ததும் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போடலாம்.

குப்பையும் செலவும் எப்போதும் ஒன்றாகவே குறையும் என்று சொல்லமாட்டேன். ஷாம்பு பல நேரம் பெரிய பாட்டிலைவிடச் சிறு பாக்கெட்டில்தான் மலிவு. ஆனால் பல அடுக்குப் பிளாஸ்டிக் தாளால் ஆன அந்தப் பாக்கெட்டைப் பழைய பேப்பர் கடைக்காரர் தொடவேமாட்டார். நாங்கள் சீயக்காய், வெந்தயம், பச்சைப்பயறு வாங்கி மில்லில் அரைத்து வைத்திருக்கிறோம். பிள்ளைகளுக்கு மட்டும் பாட்டில் ஷாம்பு. கூடுதல் காசைக் கொடுத்துவிடுகிறோம். ஆர்.ஓ. தண்ணீர் சுத்திகரிப்பானில் பல நேரம் குடிக்கக் கிடைப்பதைவிட வெளியே போவதுதான் அதிகம். அதை வாளியில் பிடித்துக் கழிப்பறைக்கும் தரை துடைக்கவும் பயன்படுத்துகிறோம். தரைத் துணி கணவரின் பழைய வேட்டிதான்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. எனக்கு அதுதான் முக்கியமான கேள்வியாகப் படுகிறது. சிக்கனம் என்ற பெயரில் பல வீடுகளில் நடப்பது, வீட்டுப் பெண்ணின் உழைப்பு இரண்டு மடங்காவது. மிச்சமான ரூபாய் கணக்கில் வரும், அவளுடைய இடுப்புவலி எந்தக் கணக்கிலும் வராது. அப்படி நடந்தால் அந்தச் சிக்கனம் எனக்கு வேண்டாம். எங்கள் வீட்டில் உரத்தொட்டியும் பழைய பேப்பர் கடையும் கணவர் பொறுப்பு. பால் உறை கழுவுவது மகன். கடைக்குப் புறப்படும்போது பையையும் தூக்குச்சட்டியையும் எடுத்துவைப்பது மகள். சீயக்காயும் வடகமும் மாமியார், அவருக்கு விருப்பம் இருக்கும்வரை. மகளுக்கு மாதவிடாய் நாட்களில் துணி நாப்கின் ஒத்துவரவில்லை, அதனால் கடை நாப்கின்தான் வாங்குகிறோம். தாளில் சுற்றித் தனியாகக் கொடுக்கிறோம். அதில் அவளை யாரும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

ஒருவர் தன் வேலையை விட்டால் அது தானாக என் தலையில் விழக்கூடாது என்பதையும் பேசி வைத்திருக்கிறோம். கணவர் வெளியூர் போகும் வாரங்களில் நான் தொட்டியைக் கிளறுவதில்லை. ஈரக் கழிவைத் தனிக் கூடையில் பிரித்து மாநகராட்சி வண்டியில் கொடுத்துவிடுகிறேன்.