பை வைக்காமல் குடல் ஆபரேஷன் செய்ய முடியுமா?

கேள்வி: டாக்டர் ஐயா, என் அப்பாவுக்கு 63 வயது. உசிலம்பட்டிப் பக்கம் மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கிறோம். மூன்று மாதமாக அவருக்கு வயிறு உப்புகிறது, விட்டு விட்டு முறுக்கி வலிக்கிறது. மலம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போகிறது. காற்று பிரிகிறது, வாந்தி இல்லை. மதுரையில் காட்டினோம். பெருங்குடலின் இடது கடைசியில் கட்டி, சதைப் பரிசோதனையில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. வேறெங்கும் பரவவில்லையாம். கேமரா குழாய் கட்டியைத் தாண்டிப் போகவில்லை. ஆபரேஷனில் தேவைப்பட்டால் மலம் வெளியே வந்து சேர வயிற்றில் பை வைப்போம் என்கிறார்கள். "பையைக் கட்டிக்கொண்டு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் எப்படி நிற்பேன்?" என்று அப்பா ஆபரேஷனே வேண்டாம் என்கிறார். பை இல்லாமல் வழி உண்டா? விளக்கெண்ணெய் கொடுத்துக் குடல் தட்டினால் சரியாகும் என்று பெரியம்மா சொல்கிறார். அது சரியா?
- ஒரு வாசகி

பதில்: அம்மா, முதலில் அந்த விளக்கெண்ணெய் பாட்டிலை எடுத்து உள்ளே வையுங்கள். வழி குறுகிக் கிடக்கும்போது பேதி மருந்து கொடுத்தால் மேலிருந்து தள்ளுகிற வேகம்தான் கூடும், வழி கூடாது. குடல் ஓட்டையாகிவிடலாம். வயிற்றைத் தட்டுவதும் பிசைவதும் அறவே வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த வரி, "காற்று பிரிகிறது" என்பது. அப்படியென்றால் அடைப்பு அரைகுறைதான். முழுக்க அடைத்துப்போய் நடு ராத்திரியில் வருகிறவருக்குக் குடல் ஊதி, சுவர் மெலிந்து, உள்ளே மலம் தேங்கி, உடம்பும் வற்றியிருக்கும். அந்த நிலையில் கட்டியை வெட்டி எடுத்துவிட்டு மேல் முனையை வயிற்றுக்கு வெளியே கொண்டு வந்து பை வைப்பதுதான் பல நேரம் உயிர் காக்கும் வழி. பிரான்ஸ் நாட்டு ஹார்ட்மன் 1921-இல் சொன்ன முறை, இன்றைக்கும் செய்கிறோம். உங்கள் அப்பாவுக்கு அந்த ராத்திரி இன்னும் வரவில்லை. வருவதற்குள் பகலில், திட்டம் போட்டுச் செய்தால் பை இல்லாமல் முடிய நல்ல வாய்ப்பு இருக்கிறது. அவர் ஆபரேஷனைத் தள்ளிப் போடுவதால் பையைத்தான் பக்கத்தில் கூப்பிடுகிறார். இதை அவரிடம் அப்படியே சொல்லுங்கள்.

ஏன் என்று கேட்பார். ரவிக்கை தைப்பவரைக் கேட்டால் தெரியும்: அகலமான கைத்துணியை ஒடுக்கமான பட்டியோடு சேர்த்தால் சுருக்கம் விழும். அடைப்புக்கு மேலே குடல் வீங்கியிருக்கும், கீழே சூம்பியிருக்கும். இரண்டையும் தைத்தால் தையல் நிற்க வேண்டும், ரத்த ஓட்டம் வேண்டும், இழுவை இருக்கக் கூடாது. வீக்கம் குறைவாக இருந்தால் கட்டியை எடுத்த கையோடு இரண்டு முனையையும் இணைத்துவிடலாம். இணைத்த பிறகு அடிவயிற்றில் தண்ணீர் ஊற்றி, ஆசனவாய் வழியாகக் காற்று செலுத்திப் பார்ப்போம். சைக்கிள் கடையில் ட்யூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிப் பஞ்சர் பார்ப்பார்களே, அதேதான். குமிழி வந்தால் மறுபடி தையல்.

மலம் தேங்கியிருந்தாலும் வழி உண்டு. குடல்வால் வழியாகக் குழாய் விட்டு, லிட்டர் கணக்கில் உப்புத் தண்ணீர் ஏற்றி, ஆபரேஷன் மேஜையிலேயே கழுவி எடுப்போம். மறுமுனையில் மயக்க மருந்துக்கான மடிப்புக் குழாயைக் கட்டி வாளியில் விடுவது. ஜூனியராக இருந்தபோது அந்த வாளியை எத்தனையோ தடவை பிடித்திருக்கிறேன். இன்னொன்று ஸ்டென்ட்: அடைத்த இடத்தில் கம்பி வலைக் குழாயை விரித்து வழி திறந்து, சுமார் இரண்டு வாரம் கழித்து நிதானமாக ஆபரேஷன். இதில் குடல் கிழியும் அபாயம் கொஞ்சம் உண்டு. அதனால் கைப்பழக்கம் உள்ளவர் இருக்கும் இடத்தில்தான் செய்ய வேண்டும். உங்கள் அப்பா நிலையில் இது தேவைப்படாமலும் போகலாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. நான் தொழிலுக்கு வந்த புதிதில், சோழவந்தான் பக்கத்து வெற்றிலைக் கொடிக்கால்காரர் ஒருவருக்கு ஆபரேஷன் செய்தேன். "பை மட்டும் வேண்டாம்" என்று குடும்பமே கையைப் பிடித்துக் கேட்டது. குடல் வீங்கித்தான் இருந்தது, எனக்கும் மனசு ஒப்பவில்லை, ஆனாலும் இணைத்தேன். ஐந்தாம் நாள் காய்ச்சல், நாடித் துடிப்பு 130. இணைப்பு கசிந்துவிட்டது. மறுபடி வயிற்றைத் திறந்து அதே பையை வைத்தோம். ஒரு மாதத்துக்கு மேல் படுக்கையில் கிடந்தார். தப்பு என்னுடையது. ஆகவே டாக்டரிடம் "வைக்கவே கூடாது" என்று எழுதி வாங்காதீர்கள். "முடிந்தால் தவிருங்கள், முடியாவிட்டால் வையுங்கள்" என்று சொல்லுங்கள்.

பையிலும் வகை இருக்கிறது. இணைப்பு ஆறுவதற்காகச் சிறுகுடலில் வைக்கும் தற்காலிகப் பையைப் பெரும்பாலும் இரண்டு, மூன்று மாதத்தில் மூடிவிடலாம். ஹார்ட்மன் முறையில் வைத்ததை மூட இன்னொரு பெரிய ஆபரேஷன் வேண்டும், பலருக்கு அது நடக்காமலே போய்விடுகிறது. எந்த வகை என்று கேட்டுக்கொள்ளுங்கள். அப்பாவை உட்கார வைத்து, நிற்க வைத்து, வேட்டி கட்டும் இடம் பார்த்து, முன்கூட்டியே வயிற்றில் பேனாவால் குறி போடச் சொல்லுங்கள். வேட்டி மடிப்பில் பை வந்தால்தான் மார்க்கெட்டில் நிற்பது கஷ்டம்.

அதுவரைக்கும் குழைந்த சாதம், ரசம், இடியாப்பம், மோர், முட்டை. கீரை, வாழைத்தண்டு, முருங்கைக்காய், கொய்யா, பனங்கிழங்கு எதுவும் வேண்டாம். பீடி பிடிப்பவராக இருந்தால் இன்றோடு நிறுத்தட்டும்; தையல் ஆறுவதை அது கெடுக்கும். காற்றும் நின்றுவிட்டாலோ, வாந்தி வந்தாலோ, வலி விடாமல் இருந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடியுங்கள்.

அப்புறம், கேமரா கட்டியைத் தாண்டவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு மேலே உள்ள குடலை யாரும் இன்னும் உள்ளிருந்து பார்க்கவில்லை. ஆபரேஷன் முடிந்து ஆறு மாதத்துக்குள் அதையும் பார்த்துவிட வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.