தூக்க முடிகிற பாரம்

அன்புள்ள அக்கா,

நான் மலேசியாவில், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையிலுள்ள பிறை என்ற ஊரில் இருக்கிறேன். வயது 29. தீவிலுள்ள பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. தினமும் பாலத்தைத் தாண்டி மோட்டாரில்தான் போய் வருகிறேன். போன வருடம் ஒருவர் ஓட்டிய கவாசாகி வெர்சிஸ் எக்ஸ் 250 வாங்கினேன். பி2 லைசன்ஸ் இருக்கிறது. ஜனவரியில் 14 நாள் லீவு கிடைக்கும். தனியாகத் தாய்லாந்தின் வடக்கே சியாங் மாய் போய், அங்கிருந்து மே ஹோங் சோன் மலைச் சாலை வட்டத்தைச் சுற்றிவிட்டு வர ஆசை.

சாமான் பட்டியல் போட ஆரம்பித்தேன். இப்போது 73 பொருள்கள் ஆகிவிட்டன. கூடாரம், கேஸ் அடுப்பு, மடக்கு நாற்காலி, இரண்டு பெட்ரோல் கேன் எல்லாம் அதில் இருக்கின்றன. எதையாவது அடித்தால், 'இது இல்லாமல் எங்கேயாவது மாட்டிக்கொண்டால்?' என்று பயம் வந்து திரும்பச் சேர்த்துவிடுகிறேன். அலுமினியப் பெட்டி வாங்குவதா, துணிப் பை போதுமா? அம்மா வேறு, "பொம்பளப் புள்ள தனியா சயாமுக்கா போற?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்கிறார். என்ன செய்யலாம்?

ர., பிறை

அன்புள்ள ர.,

பட்டியலை இரண்டு தடவை படித்தேன். பெட்டியா பையா என்பது இருக்கட்டும். அந்த 73 பொருளையும் ஏற்றிய பிறகு மோட்டார் சாய்ந்தால், ஆளே இல்லாத இடத்தில் நீங்கள் ஒருவராக அதை நிமிர்த்திவிடுவீர்களா? எனக்கு இதுதான் முதல் கேள்வி. இதற்கு 'ஆமாம்' என்று சொல்ல முடிகிற வரைக்கும் பட்டியலில் அடித்துக்கொண்டே வாருங்கள்.

நான் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சில வருடங்களுக்கு முன், பேராக்கிலுள்ள கிரீக் ஊரிலிருந்து கிளந்தானிலுள்ள ஜெலி போகும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில், தெமெங்கோர் ஏரியைப் பார்க்கலாம் என்று ஓரத்தில் நிறுத்தினேன். சரளைக்கல். இடது காலை ஊன்றியதும் கல் நழுவியது. வண்டி மெதுவாகத்தான் சாய்ந்தது. ஆனால் இரண்டு பக்கமும் பெட்டி, மேலே கூடாரமும் அடுப்பும். என்னால் பிடித்து நிறுத்த முடியவில்லை. மூன்று முறை தூக்கிப் பார்த்தேன். மூன்றாவது முறை இடுப்பில் சுளீரென்று ஒரு பிடிப்பு. யானை கடக்கும் என்று பலகை வைத்திருக்கிற சாலை அது. கிளந்தான் பக்கம் போன ஒரு லாரிக்காரர் நிறுத்தி, உதவியாளோடு இறங்கி வந்து தூக்கிவிட்டார். அதற்குள் நாற்பது நிமிடம் போயிருந்தது. அந்தப் பயணத்தில் அடுப்பை ஒரு தடவைகூடப் பற்றவைக்கவில்லை.

நிமிர்த்தும் முறையை வீட்டு வாசலிலேயே பழகுங்கள். கீழே பழைய மெத்தையைப் போட்டுக்கொண்டு, கூட ஒருவரை நிற்கவைத்துச் செய்யுங்கள். முதலில் இன்ஜினை அணையுங்கள். பைகளைக் கழற்றிவிடுங்கள். சக்கரம் உருளாமல் இருக்க கியரில் போடுங்கள். வலப்பக்கம் விழுந்திருந்தால் பக்கத் தாங்கியை முன்கூட்டியே விரித்து வைத்துவிடலாம். இடப்பக்கம் விழுந்திருந்தால் அது முடியாது, அதனால் நிமிர்த்தும் வேகத்தில் மறுபக்கம் தள்ளிவிடாமல் கவனம் வேண்டும். ஹாண்டிலை ஒரு பக்கமாக முழுதும் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வண்டிக்கு முதுகைக் காட்டி நின்று, சீட்டின் விளிம்பில் பிட்டத்தை அழுத்தி உட்காருவதுபோல் இறங்குங்கள். ஒரு கையில் தரைப்பக்கத்து ஹாண்டில் பிடி, மறு கையில் பின்பக்கக் கம்பி. முதுகு நேராக இருக்கட்டும். தூக்குகிற வேலை தொடைக்கு. எம்பாமல், சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நடந்தால் வண்டி எழுந்துவிடும். என் உயரம் ஐந்தடி ஒன்று. நான் செய்கிறேன்.

பைகளைக் கழற்றுங்கள் என்றேன் அல்லவா, அதனால்தான் துணிப் பை என்கிறேன். அலுமினியப் பெட்டியும் அதைத் தாங்கும் கம்பிச் சட்டமும் சேர்ந்தாலே பத்துக் கிலோவுக்கு மேல் போகும், இன்னும் ஒரு சட்டைகூட உள்ளே வைத்திருக்க மாட்டீர்கள். சரளையில் கால் ஊன்றும்போது பின்னாலிருந்து பெட்டியின் விளிம்பு கெண்டைக்காலில் மோதவும் செய்யும். பெட்டியைப் பூட்டலாம், பையைப் பூட்ட முடியாது என்பது உண்மைதான். கடப்பிதழும் (பாஸ்போர்ட்) பணமும் எப்போதும் உங்கள் உடம்போடு இருந்தால் அந்தக் கவலை பாதி குறையும். பையைக் கட்டிய பிறகு சைலன்சர் பக்கம் குனிந்து பாருங்கள். பின்சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது பை ஆடி அதில் பட்டால் தீர்ந்தது. என் மழைக்கோட்டு ஒன்று அப்படித்தான் உருகிப் பையோடு ஒட்டிக்கொண்டது. அது மழை வந்த பிறகுதான் தெரிந்தது.

கனமானது கீழே, உங்கள் முதுகுக்குப் பக்கத்தில். பின்னால் உயரத்தில் வைப்பது எடை இல்லாததாக இருக்கட்டும். சாமான் ஏற்றியதும் மூன்று வேலை இருக்கிறது: பின் ஷாக்கை இறுக்குவது, டயர் காற்றைப் பாரத்துக்கு ஏற்ற அளவில் வைப்பது, செயின் தொய்வைத் திரும்பப் பார்ப்பது. நிறைய பேர் மூன்றாவதை மறந்துவிடுகிறார்கள். பாரம் ஏறி வண்டி உட்காரும்போது செயினின் இறுக்கம் மாறும். வெறும் வண்டியில் சரியாக இருந்த செயின், நீங்களும் பையும் ஏறிய பிறகு விறைத்துப் போனால் பல்சக்கரத்தையும் பேரிங்கையும் தின்றுவிடும்.

பெட்ரோல் கேன் இரண்டையும் இன்றே அடித்துவிடுங்கள். உங்கள் டாங்கி 17 லிட்டர். லிட்டருக்கு 25 கிலோமீட்டர் என்று வைத்தாலும் 400 தாண்டும். நீங்கள் போகிற பாதையில் அவ்வளவு தூரத்துக்கு எண்ணெய்க் கடை இல்லாத இடம் கிடையாது. தாய்லாந்தில் எண்ணெய் போடும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஈ85 என்று எழுதிய குழாய் உங்கள் வண்டிக்கு ஆகாது, அதில் பெரும்பங்கு எத்தனால். 95 என்று கேட்டு வாங்குங்கள். கூடாரம், அடுப்பு, நாற்காலி மூன்றும் வேண்டாம். வழி நெடுக மலிவான அறையும் சோறும் கிடைக்கிற நாடு அது.

கேன் போன இடத்தில் கருவிப் பை வரட்டும். உங்கள் வண்டிக்குக் கம்பிச் சக்கரம், உள்ளே டியூப் இருக்கும். டியூப் இல்லாத டயருக்குச் செருகும் பஞ்சர் திரி இதற்கு உதவாது. சக்கரத்தைக் கழற்றி, டயரைப் பிரித்து, டியூபை வெளியே எடுத்தாக வேண்டும். மூன்று டயர் நெம்புகோல், பஞ்சர் ஒட்டு, சின்னக் காற்றுப் பம்பு, முன்சக்கரத்து டியூப் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். 19 அங்குல டியூபை அவசரத்துக்குப் பின்சக்கரத்தில் திணித்து அடுத்த ஊர் வரை போய்விடலாம். பின் அச்சு நட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனர் கையில் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள், எல்லா வண்டியோடும் அது வந்துவிடாது. வாங்கிவைத்தால் மட்டும் போதாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்சக்கரத்தைக் கழற்றி, டியூபை எடுத்து, திரும்ப மாட்டுங்கள். முதல் தடவை இரண்டு மணி நேரம் ஆகும், விரல் கணு தோல் உரியும். டயரின் ஒரு பக்க விளிம்பை மிதித்து நடுப் பள்ளத்தில் இறக்கினால்தான் மறுபக்கம் நெம்புகோலுக்கு இடம் கொடுக்கும் என்பது கைக்குப் பிடிபட்டுவிட்டால், அப்புறம் மறக்காது. புது கிளட்ச் கேபிள் ஒன்றைப் பழையதை ஒட்டியே ஓடவிட்டுக் கட்டிவையுங்கள். பழையது அறுந்தால் இரண்டு முனையையும் மாற்றினால் போதும்.

துணிமணிக்கு அதிகம் சொல்ல வேண்டாம். மூன்று செட், இரவில் துவைத்துக் காயப்போட வேண்டியதுதான். ஜனவரிக் காலையில், அந்த வட்டத்தில் வரும் பாய் என்ற ஊர்ப் பக்கம் மலையில் குளிர் பத்துப் பன்னிரண்டு டிகிரிக்கு இறங்கும், ஓட்டும்போது காற்றில் இன்னும் குளிரும். மழைக்கோட்டை மேலே போட்டுக்கொண்டால் காற்றைத் தடுக்கும். ஒரு கைலி கட்டாயம். உடை மாற்ற மறைப்பு, குளிக்க, போர்த்த, ஜன்னலுக்குத் திரை, எல்லாம் அதுதான்.

அடுத்தது நாள் கணக்கு. பட்டர்வொர்த்திலிருந்து எல்லையிலுள்ள புக்கிட் காயூ ஈத்தாம் சுமார் 140 கிலோமீட்டர். சியாங் மாய் வரைக்கும் மொத்தம் ஏறக்குறைய 1,850. வட்டம் இன்னொரு 600. ஒரு நாளைக்கு 400 என்றால் போக ஐந்து நாள், வர ஐந்து நாள், மலைக்கு நான்கு நாள். 14 நாளும் தீர்ந்தது. காய்ச்சலுக்கு ஒரு நாள் இல்லை, பஞ்சருக்கு ஒரு நாள் இல்லை. லீவை 17 நாளாக்க முடிந்தால் போங்கள். முடியாவிட்டால் இந்த முறை மேற்குக் கரையோடு திராங், கிராபி, பங்ஙா, ரானோங் வரை போய், வரும் வழியில் காவ் சோக் காட்டு மலைகளுக்குள் இரண்டு நாள் தங்குங்கள். ஜனவரியில் அந்தக் கரையில் வானம் வெளுத்திருக்கும். பத்து நாள் நெடுஞ்சாலையில் முதுகு நோக ஓட்டிவிட்டு நான்கு நாள் மலையைப் பார்ப்பதைவிட இது நல்ல பயணம் என்று எனக்குத் தோன்றுகிறது. முடிவு உங்களுடையது.

தாள்கள். வண்டி கிராண்ட் (பதிவுத் தாள்) உங்கள் பெயரில் இருக்க வேண்டும், கடனில் இருந்தால் வங்கியிடம் கடிதம் வாங்குங்கள். 2025 மே 1 முதல் தாய்லாந்துக்கு நுழைவு அட்டையை இணையத்திலேயே நிரப்ப வேண்டும், போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள். எல்லையில் வண்டிக்குச் சுங்கத் துறை தரும் தற்காலிக இறக்குமதித் தாளைத் திரும்பும்போது ஒப்படைக்க வேண்டும், தொலைத்தால் அபராதம். எல்லைக் கடைகளில் விற்கும் தாய்லாந்துக் கட்டாய இன்சூரன்ஸ் ஆட்களுக்குப் படும் காயத்துக்கு மட்டும்தான், உங்கள் வண்டிக்கு அல்ல. அதனால் தனியாகப் பயண இன்சூரன்ஸ் எடுங்கள். எடுக்கும்போது, மோட்டார் ஓட்டி விழுந்தால் பணம் தருவார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இனி அம்மா. அவர் 'தாய்லாந்து' என்று சொல்லவில்லை, 'சயாம்' என்றார். நம் குடும்பங்களில் அந்தச் சொல் சும்மா வருவதில்லை. 1942, 43இல் ஜப்பானியர்கள் போட்ட 415 கிலோமீட்டர் சயாம் – பர்மா ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்களில் திரும்பி வராதவர்கள் ஏராளம். 'சயாமுக்குப் போனார்' என்றால் செத்துப்போனார் என்றே என் பாட்டி பேசுவார். உங்கள் வீட்டில் அப்படி யாராவது போனார்களா என்று அம்மாவிடம் கேட்டீர்களா? கேளுங்கள். ஒருவேளை அந்தப் பேச்சு எடுத்தால் அவர் வாய் திறக்கலாம். நீங்கள் சியாங் மாய் வரை போவதாக இருந்தால், எல்லைக் கதவிலிருந்து பாங்காக் வரை போகும் 4ஆம் எண் சாலை, அந்த ரயில் பாதை தொடங்கிய பான் போங் பக்கமாகத்தான் போகிறது. அங்கிருந்து, அந்த ரயில் பாதை ஓடிய காஞ்சனபுரி அதிக தூரமில்லை. பாங்காக் நெரிசலுக்குள் நுழையாமல் வடக்கே திரும்பவும் அந்தப் பக்கம்தான் வசதி. அப்படிப் போன ஒருவரின் பெயர் அம்மாவுக்கு நினைவிருந்தால், அந்த மனிதருக்காகக் காஞ்சனபுரியில் ஒரு மாலை வைத்துவிட்டு வாருங்கள்.

தினமும் நம் நேரம் இரவு ஏழுக்கு அம்மாவைக் கூப்பிடுவதாகச் சொல்லுங்கள். அங்கே மணி ஆறு. இருட்டுவதற்கு முன் அறைக்குப் போய்விட அதுவே உங்களுக்கும் ஒரு கெடுவாக இருக்கும்.

டிசம்பருக்குள் ஒரு சனிக்கிழமை, ஜனவரிக்குக் கட்டுவதுபோலவே எல்லாம் கட்டிக்கொண்டு பாலத்தைத் தாண்டி வாருங்கள். தெலுக் பாஹாங்கிலிருந்து தித்தி கெராவாங் வளைவுகளில் ஏறி பாலிக் புலாவ் இறங்கலாம். அங்கே லக்சா சாப்பிட்டுவிட்டு, பைகளைத் திறந்து ஒவ்வொன்றாக வெளியே வைத்துப் பார்ப்போம். கருவிப் பையோடு நானும் வருகிறேன். அம்மாவையும் பஸ்ஸில் வரச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா