ஒரே வரியில் ஒரு ரசீது

கேள்வி: காய்ச்சல் கண்ட என் தாயாரை எங்கள் ஊர் நர்சிங் ஹோம் ஒன்றில் ஆறு நாள் சேர்த்திருந்தோம். வீட்டுக்கு அனுப்பும்போது, ‘சிகிச்சைக் கட்டணம் ரூ.68,000’ என்று ஒரே வரியில் ரசீது கொடுத்தார்கள். எதற்கு எவ்வளவு என்று கேட்டால், ‘எல்லாம் சேர்த்துத்தான்’ என்கிறார்கள். இவர்களைக் கேட்க ஆளே இல்லையா?
– வாசகர், குடியாத்தம்

பதில்: ஆள் இருக்கிறார், அவருடைய அதிகாரம் எதுவரை என்பதில்தான் சிக்கல். தனியார் மருத்துவமனைகளை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாடு 1997ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றியது. அதை நடைமுறைப்படுத்தும் விதிகள் 2018இல்தான் வந்தன. இப்போது கிளினிக், மருத்துவமனை, பரிசோதனைக் கூடம் எதுவானாலும் மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் வழியாகப் பதிவு பெற வேண்டும். இடவசதியும் தகுதியுள்ள பணியாளர்களும் கருவிகளும் இருக்கின்றனவா என்பதே அங்கே முதன்மையாகப் பார்க்கப்படுகிறது. உங்கள் ரசீதில் உள்ள தொகை நியாயமானதா என்பது அந்தப் பார்வைக்குள் வருவதில்லை. மாவட்டத்து அரசு மருத்துவமனைகளின் நிர்வாகமும் அதே இணை இயக்குநரின் பொறுப்பு என்பதால், தனியாரைக் கண்காணிக்க அவருக்கு எவ்வளவு நேரம் மிஞ்சும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

மருத்துவ நிறுவனங்களுக்கான மத்திய அரசின் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வந்த 2012 விதிகள், ஒவ்வொரு சேவைக்குமான கட்டணத்தை உள்ளூர் மொழியிலும் ஆங்கிலத்திலும் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி வைக்கச் சொல்கின்றன. மருத்துவமனைகள் மாநிலப் பட்டியலில் வருவதால் அச்சட்டத்தை ஏற்பது மாநிலத்தின் விருப்பம், தமிழ்நாடு ஏற்கவில்லை. இது பெரிய குறை என்றே நான் கருதுகிறேன். 1900ஆம் ஆண்டு முதல் மருத்துவத்துக்குப் பெயர் பெற்ற வேலூரைச் சுற்றியுள்ள ஊர்களில், மருத்துவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிப் பணம் கட்டிவிடுவது நம் மக்களின் வழக்கம். அந்த நம்பிக்கைக்கு எழுத்தில் ஒரு காப்பு வேண்டாமா?

உங்கள் கையில் இருக்கும் வழியைச் சொல்கிறேன். தாயாரின் கேஸ் ஷீட், அதாவது அன்றாடச் சிகிச்சைக் குறிப்பின், நகலைக் கேட்டு எழுத்தில் மனுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி 72 மணி நேரத்துக்குள் அதைத் தர வேண்டும். அந்த நகலின் மதிப்பைக் காட்பாடியில் என் பக்கத்து வீட்டாருக்காக உட்கார்ந்து பார்த்தபோது உணர்ந்தேன். பில்லில் ஒரே நாளுக்கு 24 ஜோடி கையுறை. நர்ஸ் எழுதிய குறிப்பில் அன்றைக்கு ஊசி போட்டதும் கட்டு மாற்றியதும் சேர்த்து ஒன்பது முறைதான். இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துக் காட்டியதும் நிர்வாகம் தொகையைக் குறைத்துக்கொண்டது.

அப்படியும் இணங்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடுங்கள். பணம் பெற்றுச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்துவிட்டது. இரண்டு ஆண்டுக்குள் புகார் தர வேண்டும். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகார்க் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமும் இல்லை. சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் குறைதீர்வுக் கூட்டத்திலும் ஒரு மனுவைக் கொடுத்து வையுங்கள்.

கேள்வி: அரசே கட்டணம் நிர்ணயித்தால் சிறிய மருத்துவமனைகள் மூடப்பட்டுவிடாதா?
– வாசகர், ஆரணி

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது. பத்துப் படுக்கையுடன் ஊருக்கு உழைக்கும் மருத்துவரை, நூறு படுக்கைக்காரருக்கான நிபந்தனைகளால் நெருக்கக் கூடாது. ஆயினும், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் தொகை முன்கூட்டியே வகுக்கப்பட்டிருக்கிறது. தனியார் மருத்துவமனைகள் பலவும் அதற்கு ஒப்புக்கொண்டே சேர்ந்திருக்கின்றன. எல்லோருக்கும் ஒரே விலை என்பதை உடனே கொண்டுவர முடியாவிட்டாலும், படுக்கை வாடகை, மருத்துவர் வந்து பார்க்கும் கட்டணம், ஆக்சிஜனுக்கு மணிக்கு எவ்வளவு என்பவற்றைத் தமிழில் எழுதி அட்மிஷன் போடும் இடத்தில் மாட்டி வைப்பதால் எந்தச் சிறிய மருத்துவமனையும் நலிந்துவிடாது. அதை இந்த ஆண்டே கட்டாயமாக்கலாம்.