பீடி சுற்றும் அம்மாவின் இருமல்: சிரப்போடு நிறுத்தாதீர்கள்

தம்பி, முக்கூடலில் பீடி சுற்றும் அம்மாவுக்கு இரண்டு மாதமாக இருமல், புகைபிடிக்காதவருக்கும் நுரையீரல் புற்றுநோய் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். வரலாம். ஆனால் அதுதான் என்று இப்போதே முடிவு கட்டித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். காசநோயாகவோ ஆஸ்துமாவாகவோகூட இருக்கலாம்.

இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குக் காசநோயா என்று பார்க்கச் சளிப் பரிசோதனை கட்டாயம் வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்தான். கூடவே மார்பு எக்ஸ்ரேயும் எடுத்துவிடுங்கள். சளியில் ரத்தம், எடை குறைவு, குரல் கம்மல், மூச்சிரைப்பு, இதில் எது இருந்தாலும் தாமதிக்காமல் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றாலும் இருமல் நிற்கவில்லையா? சிடி ஸ்கேன் வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள். சின்னக் கட்டி எக்ஸ்ரேயில் தப்பிவிடுவதுண்டு.

அம்மா பீடி சுற்றுவது, விறகடுப்பு, வீட்டில் யாராவது புகைப்பது எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள். நம் ஊர்ப் பெண்கள் இதையெல்லாம் தாங்களாகச் சொல்லவே மாட்டார்கள், கேட்டால்தான் வரும்.

அப்புறம், அம்மா பீடி சுற்றும் சுளகை (முறத்தை) உள்ளறையிலிருந்து காற்றோட்டமான திண்ணைக்கு மாற்றுங்கள். புகையிலைத் தூளைக் கையாளும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளட்டும். வீட்டுக்குள் யாரும் பீடி பற்றவைக்கக் கூடாது. சளி முடிவு வந்ததும் இங்கே எழுதுங்கள்.